எட்டு வருஷமாக ஒரு பழுதும் இல்லை

ஆகஸ்ட் 5, திங்கள்

லேப்டாப்பின் மூடி இன்று சுத்தமாக நிற்கவில்லை. பின்னால் அரிசி டின்னை முட்டுக் கொடுத்துத்தான் காலையில் வேலை பார்த்தேன். பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. என் கல்யாணச் சீரில் வந்த கட்டிலுக்கே ஒரு கால் போய்விட்டது. இது இன்னும் ஓடுகிறது. இதற்கு மேல் அதைக் குறை சொன்னால் எனக்குத்தான் பாவம்.

ஆனால் பெரம்பலூர் ஆபீசில் குருமூர்த்தி சார் இன்று கூப்பிட்டு உட்கார வைத்தார். ஆடிட்டர் உட்காரச் சொன்னாலே ஏதோ பெரிய விஷயம் என்று அர்த்தம்.

"அக்டோபர்லேர்ந்து நீங்க வீட்லயே செய்ங்கம்மா. முழுச் சம்பளம் தரேன். ஆனா லேப்டாப் நடுவுல படுத்துக்கிச்சுன்னா கடைக்காரங்களுக்கு நான் பதில் சொல்ல முடியாது. நல்லதா ஒண்ணு வாங்கிக்குங்க. மொத மாசம் பாப்போம். சரிவரலன்னா தினம் ஆபீஸ் வர்ற ஆளா போட்டுக்கறேன்."

வாரத்தில் மூன்று நாள் லெப்பைக்குடிக்காட்டிலிருந்து பஸ் ஏறிப் போய், கடைகளின் ஜிஎஸ்டி கணக்கைப் பார்த்துவிட்டு வருகிறேன். அதற்கே மாமியாருக்கு முட்டி வலி, மகளை மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து யார் கூட்டி வருவது என்று வீட்டில் தினமும் பஞ்சாயத்து. தினமும் போவது நடக்காத காரியம். அப்படியென்றால் இந்த முதல் மாதம் பிசகினால் வேலை போச்சு. போனால் வருத்தப்படுவேன் என்று எழுதினால் போதாது. அழுவேன்.

ஆகஸ்ட் 6

ஷார்ஜாவிலிருந்து போன். என் வீட்டுக்காரர்தான், ஆகிப். செப்டம்பர் கடைசியில் லீவில் வருகிறார்.

"நானே வாங்கிட்டு வந்துடறேன். எந்தக் கம்பெனின்னு மட்டும் நீ சொல்லு."

"நீங்களே பாத்து வாங்குங்களேன்."

"அது முடியாது தாயே. மிக்ஸிய நான் பாத்துதான் வாங்கினேன். இன்னி வரைக்கும் பேச்சு வாங்கறேன்."

வாங்க மாட்டாரா பின்னே! அந்த மிக்ஸி பழச்சாறு போடும். தேங்காயைப் போட்டால் மூச்சு வாங்கும். சட்னி அரைக்கும் ஒவ்வொரு நாளும் நான் அதைச் சொல்லாமல் இருந்ததில்லை. இப்போது தப்புப் பண்ணும் முறை எனக்கு வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நாலு நாளாக யூடியூப். அத்தனை பேரும் "வணக்கம் நண்பர்களே" என்று கத்தித்தான் ஆரம்பிக்கிறார்கள். ஒரே மாடலை ஒருவர் மடியில் வைத்துக் கொஞ்சுகிறார், இன்னொருவர் கரித்துக் கொட்டுகிறார். கடைசியில் பார்த்தால் இரண்டு பேருமே கம்பெனிக்காரன் அனுப்பியதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

வடிகட்டியதில் மூன்று கம்பெனி நிற்கிறது. நோவெக்ஸ், விலை குறைவு. ஜென்ட்ரா, மெலிசு, வெள்ளி நிறம், பார்த்தால் ஆசையாக இருக்கிறது. கல்மார், கறுப்பு, கனம், விலையும் கூட. முகத்தில் சிரிப்பே இல்லாத ஆள் மாதிரி. எது உழைக்கும்? யாரைக் கேட்பது?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நான் ஒரு மக்கு. யாரைக் கேட்பதா? இந்த ஊரையே கேட்கலாமே!

இங்கே சபர் என்று வெளிநாட்டுப் பிழைப்புக்குப் போகாத வீடு ஏது. ஒரு பயணிக்கு ஒரு லேப்டாப் வரி இல்லாமல் கொண்டுவரலாம் என்பதால், லீவில் வருகிறவர்கள் சென்ட் பாட்டில், கம்பளி, பாதாம் பருப்போடு ஆளுக்கொரு லேப்டாப்பும் கொண்டு வந்திருக்கிறார்கள். வீட்டுக்கு ஒன்று இருக்கிறது, சில வீட்டில் இரண்டு. எத்தனை தடவை பழுது பார்த்தீர்கள்? இது ஒன்றுதான் என் கேள்வி. யூடியூப்காரன் ஒரு வாரம் வைத்துப் பார்ப்பான். இவர்கள் வருஷக்கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

மாமியிடம் சொன்னேன். "கேளேன், யாரு வேணாங்கறா. நானும் வரேன்" என்றார். முட்டி வலி எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 15

லீவு நாள். மூன்று தெரு முடித்தோம். "உங்க வூட்டு லேப்டாப் என்ன கம்பெனிங்க?" என்று கேட்டால் "தம்மாம்" என்கிறார்கள். அடுத்த வீட்டில் "குவைத்து". இன்னொரு வீட்டில் "எங்க சின்ன மாப்ள". கொண்டுவந்த ஊரும் ஆளும்தான் இங்கே கம்பெனி. திருப்பிப் பார்த்துப் பேரை நானே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு நோவெக்ஸ், பிள்ளைகள் அதன் மேல் கேரம் காய் அடுக்கி விளையாடுகிறார்கள். உள்ளே உயிர் இல்லை. ஒரு ஜென்ட்ரா இரண்டு தடவை கடைக்குப் போயிருக்கிறது. இன்னொரு ஜென்ட்ராவுக்கு பேட்டரி மாற்றியிருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் டீ கொடுத்தார்கள். கடைசி மூன்று டீயை மாமி குடித்தார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கிடைத்துவிட்டது!

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஆயிஷா பீவி. தெருவே அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும். அவர் வீட்டுக்காரர் மீரான் பாய் ஜித்தாவிலிருந்து கொண்டுவந்தது, கல்மார்.

"எட்டு வருஷமாச்சு. ஒரு பழுது இல்ல, மாஷா அல்லாஹ். ஒரு கீறல்கூட இல்ல."

"கடைக்கே போனதில்லையா பெரியம்மா?"

"எதுக்கும்மா போவணும்? வாங்கிட்டு வந்தப்ப எப்புடியோ அப்புடியே இருக்கு."

பள்ளிவாசல் தெருவில் இன்னொரு கல்மார். ஐந்து வருஷம், அதிலும் பழுது இல்லை. எனக்கு அங்கேயே துள்ளிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. மாமி இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ஆபீஸ் மத்தியான இடைவேளையில் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் லேப்டாப் சர்வீஸ் கடையில் கேட்டேன். சாப்பாட்டு நேரம், கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கல்மாரா? நம்ம கடைக்கு இதுவரைக்கும் வந்ததே இல்லைங்க."

வந்ததே இல்லை! இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஆகஸ்ட் 31, சனி

அரியலூரில் வளர்மதி வீட்டுக்குப் போனேன். ஆபீசில் என் பக்கத்து நாற்காலி அவள். ஆறு மாதமாக வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். எப்படி வைத்திருக்கிறாள் என்று பார்க்கத்தான் போனேன்.

சிமெண்ட் லாரி போகும் ரோட்டில் வீடு. காலையில் துடைத்த நாற்காலியில் மத்தியானம் விரலால் பேர் எழுதலாம். அவளுடைய ஜென்ட்ரா நாலு வருஷம் ஆனது. மேலே பொட்டு ஒட்டியிருக்கிறது, ஓரத்தில் சாம்பார் கறை, ஒரு ஸ்க்ரூ இல்லை. அதை அவள் ஒரு கையால் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடக்கிறாள்.

"தூசிக்கு ஃபேன் அடைச்சுக்கும்டி. வருஷத்துக்கு ரெண்டு தடவ கழட்டிச் சுத்தம் பண்ணணும். ஒரு தடவ கீபோர்டு மாத்தினேன். மத்தபடி ஒண்ணும் சொல்ல முடியாது."

எத்தனை தடவை கடைக்குப் போயிருக்கிறது என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஒன்பது! அடியம்மா. "நீ கல்மார் வாங்கியிருக்கலாம்" என்று அவளுக்கு அறிவுரை வேறு சொல்லிவிட்டு வந்தேன். அவள் சிரித்துக்கொண்டே கத்திரிக்காய் நறுக்கினாள். மறுபக்கம் லேப்டாப்பில் கணக்கு ஏறிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 3

கல்மார். ஆகிப்பிடம் சொல்லிவிட்டேன். "நல்லா யோசிச்சுக்க" என்றார். ஊரையே விசாரித்தாயிற்று, இன்னும் என்ன யோசனை.

செப்டம்பர் 14, சனி

வாங்கிவிட்டார். படம் அனுப்பியிருக்கிறார், கடைக்காரனோடு நின்று. லேப்டாப்பைவிட இவர் தொப்பைதான் முதலில் கண்ணில் பட்டது. எழுத்துகளோடு அரபியும் அச்சடித்திருக்கிறது. பரவாயில்லை, மாமிக்குப் பிடிக்கும். ரொம்ப நாளைக்கப்புறம் சட்னி அரைக்கும்போது பாட்டு வந்தது.

செப்டம்பர் 19, வியாழன்

என்னத்தைச் சொல்றது. என்னத்தைச் சொல்லி எழுதறது.

சாயங்காலம் ஆயிஷா பெரியம்மா வீட்டுக்குப் போனேன். கல்மார் சார்ஜர் பின் எப்படி இருக்கும், நம்ம வீட்டு பிளக்கில் பொருந்துமா என்று பார்க்க. பெரியம்மா பீரோவைத் திறந்தார். கம்பளியை எடுத்தார், சால்வையை எடுத்தார், அதற்கடியில் ஒரு பூப்போட்ட துண்டு, துண்டுக்குள் அட்டைப்பெட்டி, பெட்டிக்குள் லேப்டாப். திரையில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்கவில்லை. சார்ஜர் வயரின் முறுக்குக் கம்பி கம்பெனியில் சுற்றியபடியே இருக்கிறது.

"பெரியம்மா... இத எப்பத்தான் ஓட்டினீங்க?"

"ஓட்டுறதா? ஓட்டுனா பழுதாயிடும்ல?"

வயரை அது இருந்த மடிப்பிலேயே பெட்டிக்குள் திரும்ப வைத்தேன்.

"அவுக மூஞ்சியப் பாத்துப் பேசலாம்னு வாங்கிட்டு வந்தாக. அதுக்குள்ள போன்லயே மூஞ்சி தெரிய ஆரம்பிச்சுடுச்சு. அப்பறம் அவுகளே வந்துட்டாக. எதுக்கு எடுக்கணும்?"

பள்ளிவாசல் தெருவுக்கு ஓடினேன். அந்தக் கல்மார், கல்யாண சிடி பார்க்க வருஷத்துக்கு ஒரு தடவை எடுப்பார்களாம். சர்வீஸ் கடைக்கு வந்ததே இல்லையாம்! எப்படி வரும்? பீரோவுக்குள்ள இருக்கறது எப்புடி கடைக்கு வரும்? அதைக் கேக்கத் தோணுச்சா எனக்கு? பி.காம். படிச்சிருக்கேன்னு பேரு. எத்தன தடவ பழுதாச்சுன்னு கேட்டேனே, எத்தன நாள் ஓட்டினீங்கன்னு ஒரு வீட்லயாவது கேட்டேனா?

நான் பார்த்ததிலேயே தினமும் உழைத்த லேப்டாப் வளர்மதியுடையது மட்டும்தான். அவளுக்குத்தான் நான் அறிவுரை சொல்லிவிட்டு வந்தேன். வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 20

அவரிடம் போனில் சொல்லவில்லை. வரட்டும்.

செப்டம்பர் 23, திங்கள்

வந்துவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். திருச்சி ஏர்போர்ட்டில் மகள் அவர் கழுத்தை விடவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பை என் கையில் கொடுத்தார். கனமாக, கறுப்பாக, அழகாகத்தான் இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், பூப்போட்ட துண்டு வரைக்கும்.

இவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார்.

"ஆக, எனக்கொரு மிக்ஸி, ஒனக்கொரு மிக்ஸி. இனிமே சட்னியப் பத்திப் பேச மாட்டல்ல?"

"நல்லதா இல்லாம போச்சுன்னா?"

"நல்லதாவும் இருக்கலாம்ல? யாரும் ஓட்டிப் பாக்கல, அவ்வளவுதான. நீ ஓட்டிப் பாரு."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மாமி அதை ஒரு துண்டில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். சாவிக்கொத்து எப்போதும் போல அவர் இடுப்பில்.

அக்டோபர் 4, வெள்ளி

வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை ஆரம்பித்துவிட்டது. பழைய லேப்டாப், அரிசி டின், நான்.

"புதுச எப்ப எடுக்கப் போற?" என்று இவர் கேட்டார். மகள் ஜூஸ் கொட்டுவாள், கொஞ்சம் வளரட்டும் என்றேன். "காலேஜ் போனதும் எடுக்கலாமா?" என்கிறார். கிண்டல்.

உண்மையைச் சொன்னால் பயம். உள்ளே இருக்கும் வரைக்கும் அது நல்ல லேப்டாப். வெளியே எடுத்து, நின்றுபோனால்? நான் தேர்ந்தெடுத்தது தப்பு என்று ஆகிவிடும். ஆயிஷா பெரியம்மாவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேனே, எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? அவருடையது பூப்போட்ட துண்டு. என்னுடையது கோடு போட்டது.

அக்டோபர் 13

கீபோர்டுக்கு உறை, மூடிக்கு உறை, பை எல்லாம் பெரம்பலூரிலிருந்து இவரை வாங்கி வரச் சொன்னேன். வாங்கி வந்தார். அதையும் பீரோவில் வைத்தாயிற்று.

அக்டோபர் 20, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

ஜிஎஸ்டி கட்டக் கடைசி நாள். எல்லாக் கடைக் கணக்கும் சாயங்காலத்துக்குள் ஏற்றிவிட வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். பாதி முடித்தேன். பழைய லேப்டாப்பில் தீய்ந்த வாடை வந்தது. திரை ஒரு தடவை வெளுத்தது, அவ்வளவுதான், போய்விட்டது. அரிசி டின்தான் மிச்சம்.

கணக்கெல்லாம் பென்டிரைவில் இருந்தது, அது ஒன்றுதான் நல்ல காலம். புதுசை எடுக்கலாம் என்று எழுந்தால் பீரோ பூட்டியிருக்கிறது. சாவி மாமி இடுப்பில். மாமி அரியலூரில், கல்யாண வீட்டில்.

போன் போட்டேன். பின்னால் ஒரே கூட்டச் சத்தம்.

"அத எதுக்கும்மா இப்ப வெளிய எடுக்குற?"

"மாமி, பழசு செத்துப் போச்சு! இன்னிக்கு முடிக்கலன்னா என் வேலை போயிடும்!"

எனக்கே தெரியாமல் கத்திவிட்டேன். மாமியிடம் நான் கத்தியது இதுதான் முதல் தடவை. இவர் ஏற்கனவே பைக்கை எடுத்திருந்தார்.

போய் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல். நான் வாசலுக்கும் பீரோவுக்கும் நடந்தேன். பூட்டிய பீரோவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், பைத்தியம் மாதிரி. பைக் சத்தம் கேட்டு ஓடினால் பின்னால் மாமியும் இறங்குகிறார், பட்டுச் சேலையோடு, முட்டியைப் பிடித்துக்கொண்டு. சாவியை மகன் கையில்கூடக் கொடுக்க மாட்டாராம்.

"பிரியாணி போட்ட எலைய விட்டுட்டு வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே திறந்தார்.

போட்டால், முதல் திரை முழுக்க அரபி. ஒரு வார்த்தை புரியவில்லை. எங்கே தொடுவது? மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒரு எழுத்து பிசகாமல், குர்ஆன் ஓதுகிற ராகத்தில் வாசித்தார். அர்த்தம் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"அம்மா, அது ஆயத்து இல்ல. 'தொடரவும்'னு போட்டிருக்கு" என்று இவர் குனிந்து அமுக்கி, ஆங்கிலத்துக்கு மாற்றினார்.

அதற்கப்புறம் அப்டேட். அணைக்காதீர்கள், அணைக்காதீர்கள் என்று வட்டம் சுற்றியது. எட்டு சதவீதத்தில் அப்படியே நின்றது. குருமூர்த்தி சார் போனில் கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை. மாமி ஒரு பக்கம் துஆ ஓதினார், இவர் ஒரு பக்கம் விசிறினார், எனக்கா லேப்டாப்புக்கா என்று தெரியவில்லை. பன்னிரண்டு. முப்பது. பிறகு சரசரவென்று ஏறிவிட்டது.

திறந்ததும் என்ன வேகம்! பழையதில் ஒரு கடைக்கு ஆகும் நேரத்தில் மூன்று கடை முடிந்தது. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்வதற்கு முன்னால் கடைசிக் கணக்கையும் ஏற்றிவிட்டேன். திரையின் பிளாஸ்டிக் தாளைப் பிரிக்கக்கூட இல்லை, அதோடேயே வேலை பார்த்திருக்கிறேன். மாமிக்கு அதில் ரொம்பத் திருப்தி.

இரவுச் சாப்பாட்டுக்கு இவர் மூன்று பிரியாணிப் பொட்டலம் வாங்கி வந்தார். முதல் பொட்டலத்தை மாமிக்கு நானே பிரித்து வைத்தேன்.

அக்டோபர் 21

சார் பேசினார். "என்னம்மா, போன எடுக்கல, பயந்துட்டேன். எல்லாம் சரியா ஏறியிருக்கு. வீட்லேர்ந்தே செய்ங்க. அடுத்த மாசம் திருமானூர் கடைங்களையும் உங்களுக்கே அனுப்பறேன்."

போனை வைத்துவிட்டு அழுதேன். இது வேறு அழுகை.

பிளாஸ்டிக் தாளை உரித்தேன். மாமி பார்க்காத நேரமாகப் பார்த்து.

நவம்பர் 6, புதன்

மகள் ஏறி உட்கார்ந்ததில் ஒரு எழுத்து கழன்று வந்துவிட்டது. எல். அதற்கு முந்தின நாள் மூடி மேல் டீ டம்ளர் வட்டம். உடனே ஒரு கடைக் கணக்கைத் திறந்து தட்டினேன். பிறகு பார்த்தால் வேலை பாட்டுக்கு நடக்கிறது. கழன்ற எழுத்தை அழுத்திப் பொருத்தினேன், உட்கார்ந்துகொண்டது.

வளர்மதிக்குப் படம் அனுப்பினேன். "இப்பதாண்டி அது உன் லேப்டாப்" என்று பதில் வந்தது. அரியலூரில் அன்றைக்கு அளந்த அறிவுரைக்கு மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அது ஞாபகமே இல்லையாம்.

நவம்பர் 18, திங்கள்

இவர் ஷார்ஜா கிளம்பிவிட்டார். வீடு ஒரு மாதிரி இருக்கிறது. "அடுத்த தடவ என்ன வேணும்?" என்று கேட்டுக்கொண்டே பெட்டியைக் கட்டினார். ஒன்றும் வேண்டாம், நீங்கள் சீக்கிரம் வாருங்கள் என்றேன். ஒரு நிமிஷம் கழித்து, மிக்ஸி என்றேன்.

நவம்பர் 20

முடிந்தது. இந்த மாத ஜிஎஸ்டி, திருமானூரும் சேர்த்து. நிம்மதியாக, ஓடாமல், கத்தாமல்.

நவம்பர் 24, ஞாயிறு

பள்ளிவாசல் தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் மாப்பிள்ளை தம்மாமிலிருந்து வருகிறாராம், என்ன கம்பெனி வாங்கச் சொல்லலாம் என்று என்னிடம் கேட்க வந்திருக்கிறாள். ஊரில் இப்போது லேப்டாப் விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும் முஃப்தி நான்தான்.

"உங்களுதுல பழுது ஏதும் உண்டா லாத்தா?"

"உண்டு. ஒரு எழுத்து ஆடுது. மேல டீக் கறை. மூடி திறக்கறப்ப கிரீச்சுங்குது. போன வாரம் ஒரு தடவ தானா அணைஞ்சுது."

"அப்ப வேணாங்கறீங்களா?"

"தினம் ஓட்டுறதா இருந்தா வாங்கு. பீரோல வைக்கறதா இருந்தா எந்தக் கம்பெனின்னாலும் ஒண்ணுதான்."

அவள் போனதும் திரும்பினால், வாசலில் ஆயிஷா பெரியம்மா. எவ்வளவு நேரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாரோ. கையில் பூப்போட்ட துண்டு.

"ஒன் வூட்லேர்ந்து டக்கு டக்குன்னு சத்தம் கேக்குது தெனம். நல்லாத்தான் இருக்கு" என்று துண்டை என் மடியில் வைத்தார். "இதயும் கொஞ்சம் பழுது பண்ணிக் குடும்மா."

முறுக்குக் கம்பியைப் பிரித்துச் சார்ஜரில் போட்டிருக்கிறேன். இன்னும் விளக்கு எரியவில்லை. பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே அதையே பார்க்கிறார்.